மனச்சாட்சி வாக்கும் உத்தி வாக்கும்

வாக்குச் சாவடிக்குள் நுழையும் குடிமகனிடம் நம் தேர்தல் முறை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: இவர்களுள் யாருக்கு உமது வாக்கு? ஆனால் அவர் உள்ளத்தில் எழுவன இரண்டு கேள்விகள். இவர்களுள் தகுதி மிக்கவர் யார் என்பது ஒன்று. வெல்லக்கூடியவர் யார் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் விடையாக ஒருவரே அமைந்துவிட்டால் இடர்ப்பாடு ஏதுமில்லை. தகுதி மிக்கவர் என்று தாம் கருதுபவர் மூன்றாம் இடத்தில் நிற்கிறார் என்றும், தாம் சிறிதும் விரும்பாத ஒருவர் முதலிடத்தில் இருக்கிறார் என்றும் அறியும் வாக்காளரே இக்கட்டுக்கு உள்ளாகிறார். விரும்பியவருக்கே வாக்களிப்பதை மனச்சாட்சி வாக்கு என்பர். விரும்பாதவரைத் தடுக்கும் பொருட்டு, இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கு வாக்கை மாற்றி அளிப்பதை உத்தி வாக்கு என்பர். முன்னது நேர்மை, பின்னது சூழ்ச்சி என்று கூறுவோரும் உண்டு. முன்னது வீண், பின்னது விவேகம் என்று கூறுவோரும் உண்டு. இரு சாராரும் வாக்காளரின் குணத்தைப் பற்றியே பேசுகின்றனர். வாக்குகளை எண்ணும் விதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இந்த இக்கட்டின் வேரோ பெரும்பாலும் அவ்விதியில்தான் இருக்கிறது.

எளிய பெரும்பான்மையின் இயல்பு

மக்களவைக்கும் மாநிலச் சட்டப் பேரவைகளுக்கும் நாம் பின்பற்றுவது எளிய பெரும்பான்மை முறை. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும் என்பதில்லை. மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதியில் 10 லட்சம் செல்லுபடியாகும் வாக்குகள் பதிவாகின்றன எனக் கொள்வோம். முதலாமவருக்கு 4,00,000, இரண்டாமவருக்கு 3,60,000, மூன்றாமவருக்கு 2,40,000 வாக்குகள் கிடைக்கின்றன. முதலாமவர் வென்றவராகிறார். அவரை விரும்பாத 6 லட்சம் பேரின் வாக்குகள் இரு கூறாகப் பிரிந்தன என்பதே அவர் வெற்றிக்குக் காரணம்.

இங்கே மூன்றாமவரின் ஆதரவாளர்களுள் 40,001 பேர், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர், இரண்டாமவருக்கு மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். உத்தி வாக்கின் வாதம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கும். ஆனால் இக்கணக்கில் சொல்லாமல் விடப்பட்ட ஓர் அனுமானம் உண்டு. மூன்றாமவரின் ஆதரவாளர் அனைவரும் முதலாமவரைவிட இரண்டாமவரையே மேலாகக் கருதுகின்றனர் என்பதே அது. உண்மையில் அவர்களுள் பாதிப் பேர் ஒரு பக்கமும் பாதிப் பேர் மறுபக்கமும் சாய்பவர்களாக இருக்கக்கூடும். அந்நிலையில் அனைவரும் உத்தியாக வாக்களித்தாலும் வேறுபாடு அதே 40,000 ஆகவே இருக்கும். மூன்றாமவர் மட்டும் களத்திலிருந்து மறைந்துபோவார். வாக்குகளைப் பிரித்தார் என்று ஒரு வேட்பாளரைக் குறை கூறுவோர் இதனைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாடு தழுவிய அளவில் இம்முறை தரும் விளைவுகள் மாணவர்களுக்கு வியப்பூட்டக் கூடியவை. 1984ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் பாரதீய ஜனதா கட்சி சுமார் 7.7 விழுக்காடு வாக்குகளைப் பெற்று 2 இடங்களையே வென்றது. ஆந்திரப் பிரதேசத்தை மட்டும் தளமாகக் கொண்ட தெலுங்கு தேசம் கட்சி நாட்டின் மொத்த வாக்குகளில் சுமார் 4.3 விழுக்காடு பெற்று 30 இடங்களை வென்றது. 2014ஆம் ஆண்டில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு நாடு முழுவதும் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் கிடைத்தும் ஓர் இடமும் கிடைக்கவில்லை. எத்தனை வாக்குகள் என்பதைவிட, அவை எங்கே குவிந்துள்ளன என்பதே இங்கு முடிவு செய்கிறது.

பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ழே 1951இல் வெளியிட்ட அரசியல் கட்சிகள் பற்றிய நூலில், எளிய பெரும்பான்மை முறை இரு கட்சி அமைப்புக்கே இட்டுச் செல்லும் என்று எடுத்துரைத்தார். தங்கள் வாக்கு வீணாகக் கூடாது என்ற அச்சத்தால் மக்கள் மூன்றாம் கட்சியைக் கைவிடுவர் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இந்தியா அவர் கூற்றை அப்படியே மெய்ப்பிக்கவில்லை. பல மாநிலங்களில் போட்டி இருமுனையாகவே அமைந்தது. ஆனால் அவ்விரு முனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறாயின. எனவே தில்லியில் பல கட்சிகள், தொகுதியில் இரு கட்சிகள் என்ற விந்தையான நிலை தோன்றியது.

1969ஆம் ஆண்டின் பாடம்

'மனச்சாட்சி வாக்கு' என்னும் சொற்றொடர் நம் அரசியல் வழக்கில் நிலைபெற்றது 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது எனலாம். நம் பொருளுக்கு அத்தேர்தலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அவ்வாண்டு மே 3ஆம் நாள் டாக்டர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவராக இருந்த திரு. வி. வி. கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் தலைமை திரு. நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தேர்ந்தது. பிரதமர் திருமதி இந்திரா காந்திக்கு இத்தேர்வு உடன்பாடானதன்று. எனினும் ரெட்டியின் வேட்பு மனுவை முன்மொழிந்தவர் அவரே. கிரி தம் பொறுப்புகளைத் துறந்து சுயேச்சையாகப் போட்டியிட்டார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதி அமைச்சர் திரு. சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன.

இத்தேர்தல் எளிய பெரும்பான்மை முறையில் நடப்பதன்று. அரசியலமைப்பின் 55ஆவது பிரிவு இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறையை விதித்துள்ளது. வாக்காளர்களாகிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டப் பேரவை உறுப்பினர்களும் வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுவர். ஒவ்வொருவர் வாக்குக்கும் மக்கள்தொகையை ஒட்டிய ஒரு மதிப்பு உண்டு. முதல் விருப்ப வாக்குகளால் எவரும் பாதிக்கு மேல் பெறாவிடில், கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவர் பெற்ற சீட்டுகள் அவற்றில் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவருக்குச் சென்று சேரும்.

இரண்டாம் விருப்பம் முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை இரு அணிகளும் உணர்ந்திருந்தன. காங்கிரஸ் தலைவர் திரு. நிஜலிங்கப்பா, தேஷ்முக்கை ஆதரித்த கட்சிகளிடம் ரெட்டிக்கு இரண்டாம் விருப்பத்தை அளிக்குமாறு கேட்டுக்கொண்டார். இதனையே காரணம் காட்டி, காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களிக்க உரிமை வேண்டும் என்று பிரதமர் அணியினர் குரல் எழுப்பினர். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற அழைப்பு அதன் முடிவாக வந்தது. மனச்சாட்சியின் பெயரால் விடப்பட்ட அந்த அழைப்பே தேர்ந்த உத்தியாகவும் இருந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. இரண்டையும் முற்றிலும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை எனக் கருதுவது அரசியலில் எடுபடாது.

ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்குப்பதிவு நடைபெற்றது. செல்லுபடியான வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவையானது 4,18,169. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். எவருக்கும் தேவையான அளவு கிட்டவில்லை. தேஷ்முக்கும் ஏனைய சிறு வேட்பாளர்களும் நீக்கப்பட்டு அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427 என்ற நிலையை அடைந்தனர். ஆகஸ்டு 20ஆம் நாள் கிரி வென்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் விருப்பங்களை எண்ணியே முடிவு காண நேர்ந்த குடியரசுத் தலைவர் தேர்தல் இன்றுவரை அது ஒன்றே.

இந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்போர்க்குச் சில உண்மைகள் புலப்படும். மாற்றத்தால் ரெட்டிக்குக் கூடியது 91,879. கிரிக்குக் கூடியது 18,562. ஆகவே தேஷ்முக்கின் ஆதரவாளர்கள் தங்கள் முதல் விருப்பத்தை மறைக்காமலேயே, அடுத்து யார் வரவேண்டும் என்பதையும் தெரிவித்துவிட்டனர். தேஷ்முக்குக்கு வாக்களித்தால் கிரி வென்றுவிடுவார் என்று அஞ்சி அவர்கள் ரெட்டிக்குத் தாவ வேண்டிய தேவை எழவில்லை. மனச்சாட்சிக்கு ஒரு கட்டம், உத்திக்கு ஒரு கட்டம் என்று சீட்டிலேயே இடம் இருந்தது.

மற்றொன்று: இறுதிச் சுற்றில் இருவரும் பெற்ற மொத்தம் 8,25,504. எஞ்சிய 10,833 மதிப்புள்ள வாக்குகள் எவருக்கும் போய்ச் சேராமல் ஓய்ந்துவிட்டன. அவற்றை அளித்தோர் இவ்விருவருள் எவரையும் தம் வரிசையில் குறிக்கவில்லை என்பது பொருள். வெற்றி வேறுபாடோ 14,650. அந்த 10,833 முழுவதும் ரெட்டிக்கே சென்றிருந்தாலும் முடிவு மாறியிராது. 'இருவரும் எமக்கு வேண்டா' என்று ஒதுங்கி நின்றோரைத் தோல்விக்குப் பொறுப்பாளிகளாக்க இங்கு இடமில்லை என்பதை எண்களே காட்டுகின்றன.

குறையற்ற முறை உண்டா?

அப்படியாயின் எல்லாத் தேர்தல்களுக்கும் மாற்று வாக்கு முறையைக் கொண்டுவந்தால் இக்கட்டு தீருமா? குறையும், தீராது. 1973இல் ஆலன் கிப்பார்டு என்பாரும் 1975இல் மார்க் சாட்டர்த்வெயிட் என்பாரும் தனித்தனியே நிறுவிய தேற்றம் ஒன்று இதற்கு விடை கூறுகிறது. வெல்லக்கூடியோர் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோராக இருந்து, ஒரே மனிதரின் விருப்பம் மட்டும் முடிவாகிவிடாமலும், குலுக்கலுக்கு இடமில்லாமலும் உள்ள எந்த வாக்கு முறையிலும், உள்ளதை உள்ளபடி எழுதாமல் மாற்றி எழுதுவதால் யாரேனும் ஒருவர் பயன்பெறும் நிலை என்றேனும் எழவே செய்யும். மாற்று வாக்கு முறையிலும் மூன்றாமவர் ஓரளவு வலுப்பெற்று, வெல்லும் ஆற்றல் கொண்ட இரண்டாமவரை முதலில் வெளியேற்றிவிட்டால், மூன்றாமவரின் ஆதரவாளர்களுக்கே அது தீங்காக முடியக்கூடும். எனினும் அத்தகைய கணக்கைச் செய்வது கடினம். எளிய பெரும்பான்மையிலோ தேநீர்க் கடையில் அமர்ந்தே அக்கணக்கைச் செய்துவிடலாம்.

வாக்காளருக்காகக் கட்சிகள் செய்யும் கணக்கு

நம் நாட்டில் உத்தி வாக்கின் பெரும்பகுதியைச் செய்து முடிப்பவை கட்சிகளே. தேர்தலுக்கு முன்பே தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, வாக்குப் பிரியும் வாய்ப்பை அவை குறைத்துவிடுகின்றன. 1962இல் 44.7 விழுக்காடு வாக்குகளுடன் 361 இடங்களை வென்ற காங்கிரஸ், 1967இல் 40.8 விழுக்காடு வாக்குகளுடன் 283 இடங்களையே பெற்றது. வாக்கில் 4 விழுக்காட்டுச் சரிவு, இடங்களில் 78 என்ற இழப்பாகப் பெருகியது. டாக்டர் ராம் மனோகர் லோகியா வற்புறுத்திய காங்கிரஸ் எதிர்ப்பு ஒற்றுமையும் இதற்குத் துணை நின்றது. 1977இல் பல எதிர்க்கட்சிகள் பெரும்பாலான மாநிலங்களில் பாரதீய லோக தளத்தின் ஏர் உழவன் சின்னம் ஒன்றின்கீழ் நின்று 295 இடங்களைப் பெற்றன.

ஆனால் கட்சிகள் கூடினால் வாக்குகளும் கூடும் என்பதற்கு உறுதியில்லை. 1971இல் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், சுதந்திராக் கட்சி, சம்யுக்த சோஷலிஸ்டுக் கட்சி ஆகியவை 'மகா கூட்டணி'யாக நின்றன. திருமதி காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களை வென்றது. வாக்காளர் தம் வாக்கைப் பொட்டலம் கட்டி ஒப்படைப்பவர் அல்லர் என்பதைத் தலைவர்கள் அவ்வப்போது புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

முடிவெடுக்கும் முன்

இனித் தனி வாக்காளரிடம் வருவோம். உத்தி வாக்கு ஒரு முன்கணிப்பின் மீது எழுப்பப்படும் கட்டடம். கணிப்பு தவறினால் வாக்காளர் இரு வகையிலும் இழக்கிறார்: விரும்பியவருக்கும் வாக்களிக்கவில்லை, விரும்பாதவரைத் தடுக்கவும் இல்லை. ஆகவே அவர் முதலில் கேட்க வேண்டியது, மூன்றாமவர் வெல்ல மாட்டார் என்று தமக்குக் கூறியவர் யார் என்பதே. பெரும்பாலும் முதல் இரு கட்சிகளே அதனைக் கூறும். அவ்வாறு கூறுவதில் அவற்றுக்கு ஆதாயம் உண்டு. 2004 மக்களவைத் தேர்தலில் கருத்துக் கணிப்புகளுள் பெரும்பாலானவை ஆளும் கூட்டணியே வெல்லும் என்றன. முடிவு மாறாக வந்தது. 2024இல் வாக்குப்பதிவுக்குப் பிந்திய கணிப்புகள் பல தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கிடைக்கும் என்றன, கிடைத்தவை 293. இவை நாடு முழுமைக்குமான மதிப்பீடுகள். ஒரு தனித் தொகுதியின் நிலையைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இன்னும் குறைவு. முந்தைய தேர்தலில் தம் தொகுதியில் பதிவான வாக்கு விவரத்தைத் தேர்தல் ஆணையத்தின் வெளியீடுகளில் பார்த்துக் கொள்வது இவற்றைவிட மேலான வழியாகும்.

புதிய கட்சிகளைப் பொறுத்தமட்டில் முந்தைய கணக்கும் உதவாது. 2012 நவம்பரில் தோன்றிய ஆம் ஆத்மி கட்சிக்கு 2013 டிசம்பரில் தில்லிப் பேரவைத் தேர்தல் நடந்தபோது முந்தைய வாக்கு என்று எதுவுமே இல்லை. வெல்லும் என்று உறுதி தெரிந்த பிறகே வாக்களிப்போம் என்று தில்லி மக்கள் அனைவரும் இருந்திருந்தால் அக்கட்சி 70இல் 28 இடங்களைப் பெற்றிராது. 'அவர் வெல்லமாட்டார்' என்ற நம்பிக்கை தன்னைத் தானே மெய்யாக்கிக் கொள்ளும் இயல்புடையது.

அடுத்து நோக்க வேண்டியது போட்டியின் நெருக்கம். கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளிப் பேரவைத் தொகுதியில் 2004இலும், ராஜஸ்தானின் நாதத்வாராவில் 2008இலும் முடிவு ஒரே வாக்கில் அமைந்தது. 2014இல் லடாக் மக்களவைத் தொகுதியில் வேறுபாடு 36. 2024இல் மும்பை வடமேற்கில் 48. இவை அரியவை என்பது உண்மை. பெரும்பாலான தொகுதிகளில் வேறுபாடு ஆயிரக் கணக்கிலோ லட்சக் கணக்கிலோ இருக்கும். அத்தகைய தொகுதியில் உத்தி வாக்கால் விளையும் பயன் ஏதுமில்லை. விரும்பியவருக்கு வாக்களிப்பதால் இழப்பும் இல்லை. உத்தியின் பெயரால் மனச்சாட்சியைக் கைவிடுவோரில் பலர், உத்தியே தேவைப்படாத தொகுதிகளில் அவ்வாறு செய்கின்றனர் என்பது என் கருத்து.

போட்டி உண்மையிலேயே நெருக்கமாக இருந்து, முதல் இருவருக்கும் இடையே ஆழ்ந்த வேறுபாடு இருப்பதாக வாக்காளர் கருதினால் நிலைமை வேறு. அப்போது தம் வாக்கால் நேரக்கூடிய விளைவைக் கருதுவதும் மனச்சாட்சியின் பணியே. தன் கை தூய்மையாக இருந்தால் போதும், ஊர் எக்கேடு கெட்டாலும் கெடட்டும் என்பது மனச்சாட்சி ஆகாது. ஆனால் அந்த வேறுபாடு கொள்கை, நேர்மை, நிர்வாகத் திறன் ஆகியவற்றில் காணும் வேறுபாடாக இருத்தல் வேண்டும். சாதி, மதம் ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு முறைகேடாகக் கருதுகிறது. அப்பற்றினால் அளிக்கும் வாக்கு உத்தி என்ற பெயருக்கும் உரியதன்று, மனச்சாட்சி என்ற பெயருக்கும் உரியதன்று.

தோற்ற வாக்கின் பயன்

தோற்றவருக்கு அளித்த வாக்கு வீண் என்னும் கூற்றும் ஆராயத்தக்கது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத வேட்பாளர் வைப்புத் தொகையை இழக்கிறார். மக்களவைப் பொதுத் தொகுதிக்கு அது 25,000 ரூபாய். ஆகவே மூன்றாம் இடத்தவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு வாக்கும் அடுத்த முறை நிற்கலாமா என்ற அவர் முடிவைத் தொடுகிறது. இதைவிட முக்கியமானது கட்சி அங்கீகாரம். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையில் 2011இல் செய்த திருத்தத்தின்படி, ஓர் இடமும் வெல்லாத கட்சியும் மாநிலத்தில் செல்லுபடியான வாக்குகளில் 8 விழுக்காடு பெற்றால் மாநிலக் கட்சியாக அங்கீகரிக்கப்படும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓர் இடமும் வெல்லாத நாம் தமிழர் கட்சி, 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றதால் 2025இல் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது. அக்கட்சியின் கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு; விதி இவ்வாறு வேலை செய்கிறது என்பதே இங்கு கருதத்தக்கது.

'எவருமில்லை' என்ற நோட்டா பொத்தானுக்கு இத்தகைய பயன் இல்லை. 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அது வந்தது. அதற்கு முன் வாக்களிக்க மறுப்போர் 1961ஆம் ஆண்டு விதிகளின் 49-ஓ விதிப்படி சாவடி அலுவலர் முன்னிலையில் பதிவேட்டில் அதனைக் குறிக்கச் செய்ய வேண்டியிருந்தது, இரகசியம் காக்கப்படவில்லை. அக்குறை நீங்கியது. ஆயினும் நோட்டாவுக்கு விழும் வாக்குகள் முடிவைப் பாதிப்பதில்லை. வைப்புத் தொகைக் கணக்கிலும் அவை சேர்வதில்லை. 2024இல் இந்தூர் தொகுதியில் நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் பதிவாகி அது இரண்டாம் இடம் பெற்றது. வேட்பாளருள் முதலில் வந்தவர் வழக்கம்போல் உறுப்பினரானார். மறுப்பைத் தெரிவிக்க விரும்புவோர்க்கு நோட்டா பொருந்தும். ஒரு கொள்கையை வளர்க்க விரும்புவோர்க்கு அக்கொள்கையைத் தாங்கி நிற்கும் சிறு வேட்பாளரே பொருந்துவார்.

விதியை மாற்றும் யோசனைகள்

எண்ணும் விதியைப் பற்றிய விவாதம் புதியதன்று. 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கோரித் திருத்தங்கள் வந்தன. டாக்டர் அம்பேத்கர் அவற்றை ஏற்கவில்லை. மக்களின் எழுத்தறிவு அத்தகைய முறைக்குப் போதாது என்பதும், நிலையான அரசு அமையாது என்பதும் அவர் காட்டிய காரணங்கள். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றோர் 18 விழுக்காட்டினரே; 2011இல் அது சுமார் 73 விழுக்காடாயிற்று. முதற் காரணத்தின் வலு இன்று குறைந்துவிட்டது. இரண்டாவது காரணம் இன்னும் விவாதத்திற்குரியதே. 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில், இருக்கும் தொகுதிகளோடு நாலில் ஒரு பங்கு இடங்களைக் கூட்டி, அவற்றைக் கட்சிப் பட்டியல் முறையில் விகிதப்படி நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

மாற்று வாக்கு முறை நம் பொது வாக்காளருக்கு முற்றிலும் அயலானது என்று கருதுவோர் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய 6 மாநிலங்களில் சட்ட மேலவை உள்ளது. அங்குள்ள பட்டதாரித் தொகுதிகளிலும் ஆசிரியர் தொகுதிகளிலும் வாக்காளர்கள் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எழுதியே வாக்களிக்கின்றனர். அதே பட்டதாரி பேரவைத் தேர்தலுக்குச் சாவடி செல்லும்போது, இயந்திரத்தில் ஒரே பொத்தானை அழுத்தித் தம் இரு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தர வேண்டியவராகிறார்.